ரிகம்பென்ட் சைக்கிளில் சீட் ஆடுகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெதர்லாந்தில் ஐந்தோவன் நகரில் இருக்கிறேன். முதுகு வலிக்காகச் சாய்ந்தபடி ஓட்டும் ரிகம்பென்ட் சைக்கிளுக்கு மாறி ஆறு வருடம் ஆகிறது. இங்கே இதை லிக்ஃபீட்ஸ் என்பார்கள், படுத்து ஓட்டும் சைக்கிள் என்று அர்த்தம். இந்த ஆறு வருடத்தில் பஞ்சரைவிட அதிகமாக என்னை வழியில் நிறுத்தியது சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள்தான். புதிதாக வாங்குகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சாதாரண சைக்கிளில் சீட் இப்படித் தளர்வதில்லையே, இதில் மட்டும் ஏன்?

சாதாரண சைக்கிளில் சீட்டின் வேலை உங்கள் எடையைக் கீழிருந்து தாங்குவது. பள்ளம் வந்தால் பெடலில் எழுந்து நின்றுவிடலாம். எடைக்கு மேல் பலம் கொடுத்து மிதித்தால் உடம்புதான் மேலே எழும்புமே தவிர சீட்டுக்கு ஒன்றும் ஆகாது.

ரிகம்பென்ட்டில் பெடல் முன்னால் இருக்கிறது, முதுகு பின்னால் சீட்டில் முட்டுக் கொடுத்திருக்கிறது. சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து இரண்டு காலாலும் பீரோவைத் தள்ளுவதை நினைத்துப் பாருங்கள். அங்கே சுவர் செய்யும் வேலையை இங்கே சீட் செய்கிறது. மேட்டில் ஏறும்போது காலில் எவ்வளவு பலம் கொடுக்கிறீர்களோ அவ்வளவும், சில நேரம் உங்கள் உடல் எடையையும் தாண்டி, சீட்டின் முதுகுப் பக்கத்தில் போய் விழுகிறது. அதுவும் நேராக விழுவதில்லை. வலது கால் மிதிக்கும்போது ஒரு பக்கம், இடது கால் மிதிக்கும்போது மறு பக்கம் என்று சீட்டைத் திருகிக்கொண்டே இருக்கிறது. நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் 160 தள்ளல், ஒரு மணி நேரத்தில் 9600 தள்ளல். பள்ளத்தில் எழுந்து நிற்கவும் வழியில்லை, ஒவ்வொரு குலுக்கலும் முழு எடையோடு சீட்டுக்குத்தான் போகிறது. இங்கே பழைய தெருக்கள் எல்லாம் செங்கல் பதித்தவை. அந்தக் கல்லில் அரை கிலோமீட்டர் ஓட்டினாலே கன்னச் சதை நடுங்கும், போல்ட் என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை.

சத்தம் வருகிறது, ஆனால் சீட்டிலிருந்துதான் வருகிறதா என்று தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

காதை நம்பாதீர்கள். அலுமினியக் குழாய் சத்தத்தைக் கடத்திக்கொண்டு போய் வேறு இடத்தில் கேட்க வைக்கும். என் வண்டியில் மூன்று வாரம் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு டிக் வந்தது. பெடலைக் கழற்றிப் பார்த்தேன், கிராங்க்கைக் கழற்றினேன், பெடலைத் தாங்கி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பூம் குழாயை உருவித் துடைத்து மாட்டினேன். கடைசியில் பார்த்தால் சத்தம் சீட்டின் இடது பின்தாங்கியில் இருந்த ஒரே ஒரு எம்6 (6 மில்லிமீட்டர் விட்டம்) போல்ட்டிலிருந்து வந்திருக்கிறது.

கையால் கண்டுபிடிப்பதுதான் நிச்சயமான வழி. சுவர் ஓரமாக வண்டியை நிறுத்தி, பிரேக்கை இறுக்கிப் பிடிக்க ஒருவரைக் கூப்பிடுங்கள். நீங்கள் சீட்டில் உட்கார்ந்து ஒரு பெடலை மெதுவாக, நல்ல பலத்தோடு அழுத்துங்கள். உதவிக்கு வந்தவர் தன் ஆள்காட்டி விரல் நுனியைச் சீட்டும் பிரேமும் சேரும் கோட்டின் மேல், பாதி இதில் பாதி அதில் படுகிற மாதிரி வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அசைவுகூட விரல் நுனிக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு இணைப்பாக இப்படித் தொட்டுப் பாருங்கள், அப்புறம் அடுத்த பெடலை அழுத்தி இன்னொரு சுற்று.

இன்னொரு தடயம் தூசி. இரண்டு அலுமினியப் பாகங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தால் வாஷரைச் சுற்றிக் கறுப்பு மை மாதிரி ஒரு வளையம் படியும், துடைத்தால் விரலில் பென்சில் தூள் மாதிரி ஒட்டும். இரும்பாக இருந்தால் செம்மண் நிறத்தில் இருக்கும். அந்த வளையம் தெரிந்தால் அங்கே நழுவல் இருக்கிறது, வேறு அத்தாட்சி வேண்டாம்.

தளர்ந்தால் இறுக்கிவிட்டுப் போக வேண்டியதுதானே?

எல்லாரும் முதலில் செய்வது இதுதான், நானும் இதைத்தான் செய்தேன். இரண்டு வாரத்தில் மறுபடியும் தளரும், இன்னும் பலமாக இறுக்குவோம், அப்புறம் மரை போகும், இல்லையென்றால் ஃபைபர் சீட் விரியும்.

போல்ட் எப்படிப் பிடிக்கிறது என்று புரிந்துகொண்டால் இந்தச் சுழலிலிருந்து வெளியே வரலாம். போல்ட் என்பது ஆணி மாதிரி குறுக்கே நின்று தடுக்கும் பொருள் இல்லை. இறுக்கும்போது அது மிக நுண்ணிய அளவில் நீள்கிறது, ஸ்பிரிங் மாதிரி இரண்டு பாகங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக அழுத்துகிறது. அந்த அழுத்தத்தால் வரும் உராய்வுதான் சீட்டை நகராமல் பிடிக்கிறது. ஓர் எம்5 போல்ட்டை 5 நியூட்டன் மீட்டருக்கு (திருகும் பலத்தின் அளவு இது) இறுக்கினால் ஏறத்தாழ 5000 நியூட்டன், அதாவது சுமார் 500 கிலோ எடை வைத்து அழுத்துகிற மாதிரி. மரையில் துருவும் மண்ணும் இருந்தால் கை கொடுக்கும் பலத்தில் பெரும் பகுதி அந்த உராய்விலேயே செலவாகிவிடும். கைக்கு டைட்டாகத் தெரியும், உள்ளே அழுத்தம் பாதிகூட இருக்காது.

கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1969ல் இதைச் சோதனை செய்து காட்டினார். போல்ட்டின் நீளவாக்கில் இழுத்து இழுத்து விடுவதைவிட, போல்ட் பிடித்திருக்கும் பாகங்கள் பக்கவாட்டில் நழுவுவதுதான் அதை வேகமாகக் கழற்றுகிறது. ஒவ்வொரு நழுவலிலும் மரையில் இருக்கும் உராய்வு ஒரு கணம் விட்டுப்போகிறது, அந்த நேரத்தில் போல்ட் துளித் துளியாகத் தானே பின்னால் சுற்றிக்கொள்கிறது. வலது இடது என்று மாறி மாறித் திருகும் நம் சீட்டுக்கு இது அப்படியே பொருந்தும்.

அதனால் தளர்ந்த போல்ட்டைக் கண்டால் இறுக்காமல் முதலில் முழுதாகக் கழற்றுங்கள். மரையைத் துடையுங்கள், வாஷர் பதிந்த இடத்தைப் பாருங்கள், துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், இரண்டு பாகமும் ஒன்றோடொன்று முழுதாகப் படிகிறதா என்று பாருங்கள். நழுவலுக்குக் காரணம் இதில் ஏதோ ஒன்றில் இருக்கும். அதைச் சரிசெய்த பிறகு சரியான அளவுக்கு இறுக்கினால் போதும்.

சரியான அளவு என்றால் எவ்வளவு?

வண்டியோடு வந்த கையேட்டில் எண் இருந்தால் அதுதான். இல்லாவிட்டால் நான் பின்பற்றுவது: எம்5க்கு 5 நியூட்டன் மீட்டர், எம்6க்கு 8. உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்துக்குத்தான் இந்தக் கணக்கு. ஃபைபர், கார்பன் சீட்டை நேரடியாகப் பிடிக்கும் போல்ட் என்றால் இதிலிருந்து குறைத்துக்கொள்ளுங்கள், அதற்கு நடுவில் நுரை வைத்த சீட்டாக இருந்தால் இன்னும் கவனம், இறுக்க இறுக்க நுரை நசுங்கிக்கொண்டே போகும், டைட்டானது மாதிரியே இருக்காது.

2 முதல் 20 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் சின்ன டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். ஒரு மரை போய்ச் சரிசெய்கிற செலவைவிடக் குறைவு.

லாக்டைட் போடலாமா? எந்த நிறம்?

போடலாம், போல்ட் தானே கழலாமல் மரையைப் பிடித்துக்கொள்ளும் பசை அது. சீட் போல்ட்டுகளுக்கு நீல நிறம், 243 என்ற எண். கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் பிடிக்கும், பின்னால் சாதாரண ஆலன் கீயாலேயே கழற்றலாம். சிவப்பைத் தொடாதீர்கள், அதைக் கழற்றப் போல்ட்டை நெருப்பில் சூடாக்க வேண்டிவரும், பக்கத்தில் ஃபைபரும் துணியும் இருக்கும் இடத்தில் அது முடியாத காரியம். மிகச் சின்னத் திருகாணிகளுக்கு ஊதா நிற 222 இருக்கிறது.

போடும் முறைதான் முக்கியம், பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். போல்ட்டின் மரையையும், அது போய்ச் சேரும் நட்டின் மரையையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பழைய லாக்டைட் வெள்ளைத் தூளாக ஒட்டியிருந்தால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். நட்டைப் பிடிக்கப் போகும் மரைகளில் ஒரு சொட்டு, பெரிய போல்ட் என்றால் இரண்டு. மாட்டி, அளவுக்கு இறுக்கி, அன்று ராத்திரி வண்டியைத் தொடாமல் விடுங்கள். காற்று இல்லாத இடத்தில், உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதுதான் இந்தத் திரவம் கெட்டியாகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இன்னும் மெதுவாகத்தான் இறுகும், முழு 24 மணி நேரம் கொடுங்கள். புது பாட்டிலைத் திறந்தால் பாதிதான் இருக்கும், ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், உள்ளே காற்று இருந்தால்தான் அது திரவமாகவே இருக்கும் என்பதற்காக அப்படி வைக்கிறார்கள்.

பிளாஸ்டிக் பாகம் பக்கத்தில் இருந்தால் ஜாக்கிரதை. ஏபிஎஸ், பாலிகார்பனேட் மாதிரியான பிளாஸ்டிக்கில் இது பட்டால் முடி முடியாக விரிசல் விடும். அந்த இடங்களில் உள்ளே நைலான் வளையம் இருக்கும் நைலாக் நட் போதும்.

இன்னொன்று, லாக்டைட் ஓர் உதவிதான். பாகங்கள் நழுவிக்கொண்டிருக்கும் இணைப்பில் பாட்டில் பாட்டிலாக ஊற்றினாலும் நழுவல் நிற்காது, போல்ட் மட்டும் கீழே விழாமல் அங்கேயே ஆடிக்கொண்டு இருக்கும்.

ஸ்பிரிங் வாஷர் போட்டேன், அப்படியும் கழல்கிறதே?

வெட்டு விட்ட அந்த ஸ்பிரிங் வாஷர் போல்ட்டைச் சரியாக இறுக்கும்போதே தட்டையாக அமுங்கிவிடும். அதன் பிறகு அது ஒரு சாதா வாஷர்தான், குலுக்கலைத் தடுக்காது. எடுத்துவிட்டு நைலாக் நட் போடுங்கள். போல்ட்டின் நுனி நைலானைத் தாண்டி ஒன்றிரண்டு மரை வெளியே தெரிய வேண்டும், இல்லாவிட்டால் நைலான் பிடிக்கவே இல்லை என்று அர்த்தம், நீளமான போல்ட் வாங்குங்கள். பழைய நைலாக் நட்டை விரலாலேயே கடைசிவரை சுற்ற முடிந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நைலாக்கை வேகமாகச் சுற்றினால் இரண்டும் சூடேறிக் கவ்விக்கொண்டு நடுவழியில் நின்றுவிடும், மரையில் துளி கிரீஸ் தொட்டு நிதானமாகச் சுற்றுங்கள்.

ஃபைபர் சீட்டில் போல்ட் துளையைச் சுற்றி விரிசல் தெரிகிறது. ஓட்டலாமா?

முதலில் ஒரு நாணயத்தை எடுத்து விரிசலைச் சுற்றி மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் சத்தம் கணீரென்று இருக்கும். துளைக்கு அருகில் வரும்போதும் அதே கணீர் என்றால் மேல்பூச்சு மட்டும்தான் விரிந்திருக்கிறது, ஓட்டலாம், ஆனால் கண் வைத்திருக்க வேண்டும். சத்தம் சொத்தென்று அமுங்கினால் உள்ளே அடுக்குகள் பிரிந்துவிட்டன. அதை ஓட்டாதீர்கள். சாய்ந்திருக்கும் சீட் உடைந்தால் விழுகிறவர் பின்னால் விழுவார், விழும்போது கையில் இருக்கும் ஹேண்டில்பாரையும் சேர்த்து இழுப்பார், வண்டி எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது.

விரிசலுக்குக் காரணம் பெரும்பாலும் வாஷர்தான். சீட் வளைந்த பரப்பு, வாஷர் தட்டை. நாணயத்தைத் தேங்காய் மூடி மேல் வைத்த மாதிரி அது ஓரிரு இடத்தில் மட்டும் தொடுகிறது, மொத்த அழுத்தமும் அங்கேயே இறங்குகிறது. நான் இப்போது செய்வது இது: 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, மூலைகளை வட்டமாக அரத்தால் தேய்த்து, சீட்டின் வளைவுக்குத் தகுந்தாற்போல் ஒரு குழாயின் மேல் வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டி வளைக்கிறேன். அதற்கும் சீட்டுக்கும் நடுவில் பழைய டியூபில் வெட்டிய மெல்லிய ரப்பர். ரப்பர் மெல்லியதாகவே இருக்கட்டும், தடியாக இருந்தால் நாளாக ஆக அமுங்கி இறுக்கம் போய்விடும். இவ்வளவு செய்ய நேரம் இல்லை என்றால் குறைந்தபட்சம் 25 மில்லிமீட்டர் அகல வாஷராவது போடுங்கள்.

அடுக்கு பிரிந்த சீட்டை எபாக்சியும் கண்ணாடி இழைத் துணியும் வைத்துச் சரிசெய்யலாம். விரிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் நான்கு ஐந்து சென்டிமீட்டர் வரை மணல்தாளால் தேய்த்துப் பளபளப்பை எடுத்துவிட்டு, சின்னத் துண்டிலிருந்து பெரிய துண்டு என்று அடுக்கடுக்காக ஒட்டி, நன்றாக இறுகிய பிறகு துளையைப் புதிதாகப் போட வேண்டும். தேய்க்கும்போது மாஸ்க் போடுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

குவிக் ரிலீஸ் லீவரை மூடிய பிறகும் சீட் பின்னால் நழுவுகிறது.

இருக்கைத் தண்டில் முன்னும் பின்னும் நகர்த்தும் வகைச் சீட்டுகளில் வரும் பிரச்சினை இது. லீவரைத் திறந்ததிலிருந்து மெதுவாக மூடிக்கொண்டு வாருங்கள். பாதி வழியில், லீவர் அதன் அச்சுக்கு நேர்கோட்டில் வரும்போது கைக்குக் கனம் தெரிய ஆரம்பிக்க வேண்டும். முழுதாக மூடியபின் உள்ளங்கையில் லீவரின் தடம் சிவப்பாகப் பதிந்திருக்க வேண்டும். தடம் இல்லை என்றால் இறுக்கம் போதாது, எதிர்ப்பக்க நட்டை அரைச் சுற்று இறுக்கி மறுபடி மூடுங்கள்.

இறுக்கம் சரியாக இருந்தும் நழுவினால் கிளாம்ப்பைக் கழற்றிப் பாருங்கள். உள்பரப்பில் எண்ணெய் இருக்கக் கூடாது, சங்கிலிக்கு ஸ்பிரே அடிக்கும்போது பறந்து வந்து படிந்திருக்கும். ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, கார்பன் பாகங்களுக்கு விற்கும் மணல் மாதிரியான பேஸ்ட்டைத் தடவுங்கள், அலுமினியத்துக்கும் நன்றாகவே பிடிக்கும். எண்ணெய் போக வேண்டிய இடம் லீவரின் கேம் மட்டும்தான், அங்கே ஒரு சொட்டு விட்டால் அதே கை பலத்துக்கு இறுக்கம் கூடும்.

கிளாம்ப்பில் ஒரு வெட்டு இருக்கும், அதன் இரண்டு உதடுகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். தொட்டுவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு இறுக்கினாலும் உதடுகள்தான் ஒன்றையொன்று அழுத்தும், தண்டை அழுத்தாது. குளிர்பான அலுமினியக் கேனில் ஒரு பட்டை வெட்டி உள்ளே சுற்றுங்கள். ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான் தடிமன், ஆனாலும் அந்த இடைவெளி திரும்பத் திறக்கப் பல நேரம் அதுவே போதும்.

பின்னால் இருக்கும் இரண்டு தாங்குக் கம்பிகளில் ஒன்று மட்டும் எப்போதும் தளர்கிறது.

இரண்டும் ஒரே நீளத்தில் இல்லை என்று அர்த்தம், அல்லது மாட்டும்போது ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததை இழுத்துப் பிடித்து மாட்டியிருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் சீட் பிறக்கும்போதே முறுக்கிக்கொண்டு நிற்கும், முறுக்கை எந்தப் போல்ட் தாங்குகிறதோ அது தளரும். எல்லாப் போல்ட்டையும் தளர்த்திவிடுங்கள். சீட்டில் உட்கார்ந்து ஒரு முறை நன்றாகச் சாய்ந்து இடுப்பை அசைத்துக்கொடுங்கள், சீட் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். உட்கார்ந்தபடியே உதவியாளரை விட்டு எல்லாவற்றையும் விரல் இறுக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் அடிப்பக்கப் போல்ட்டுகள், பிறகு பின்தாங்கிகள், வலது இடது என்று மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக.

துளை தேய்ந்து பெரிதாகியிருந்தால் இறுக்கிப் பயனில்லை. முழு நீளத்துக்கும் மரை வெட்டிய போல்ட் துளைக்குள் அரம் மாதிரி அறுக்கும். துளைக்குள் வரும் பகுதி வழவழப்பாக இருக்கும், நுனியில் மட்டும் மரை உள்ள போல்ட் வாங்குங்கள். தேய்ந்த துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி நைலான் அல்லது பித்தளை புஷ் (சின்னக் குழாய்) ஒன்றைச் செருகினால் வருடக்கணக்கில் நிற்கும்.

வலைத் துணி சீட் தொய்ந்துவிட்டது. இதுவும் ஆடுகிற மாதிரியே இருக்கிறது.

ஆமாம், துணி தொய்ந்தால் ஒவ்வொரு மிதியிலும் முதுகு பின்னால் போய்த் திரும்பும், போல்ட் தளர்ந்த மாதிரியே இருக்கும். பின்பக்கப் பட்டைகளைக் கீழ் முதுகிலிருந்து ஆரம்பித்து மேலே இறுக்கிக்கொண்டு போங்கள், இடுப்புப் பகுதிப் பட்டைதான் மற்ற எல்லாவற்றையும்விட டைட்டாக இருக்க வேண்டும். நைலான் பட்டை நனைந்தால் நீளும், மழை நாளில் மறுபடி ஒரு இழுப்பு தேவைப்படும். பாலியெஸ்டர் பட்டைக்கு மாற்றினால் அந்தத் தொல்லை குறையும்.

ஆலன் கீ போல்ட் தலையில் வழுக்குகிறது, அல்லது மரை போய்விட்டது.

தலை தேய்ந்தது 4 மில்லிமீட்டர் ஆலன் என்றால் டி25 நட்சத்திர பிட் ஒன்றைச் சுத்தியலால் உள்ளே தட்டி இறக்கித் திருப்புங்கள், பெரும்பாலும் வந்துவிடும். அந்தப் போல்ட்டை மறுபடி உபயோகிக்க வேண்டாம். உருண்டைத் தலை போல்ட்டுகளில்தான் இது அதிகம் நடக்கும். எம்5 சாதா ஆலன் போல்ட்டுக்கு 4 மில்லிமீட்டர் கீ, அதே எம்5 உருண்டைத் தலைக்கு 3 மில்லிமீட்டர் கீதான், கடிப்பு போதாது. இடம் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

அலுமினியத்தில் எம்5 மரை போனால் இரண்டு வழி. சுற்றிலும் சதை இருந்தால் 5 மில்லிமீட்டர் துளை போட்டு எம்6 டேப் என்ற மரை வெட்டும் கருவியை ஓட்டலாம். இல்லையென்றால் ஹெலிகாயில் என்ற எஃகுச் சுருளைச் செருகலாம், அது பழைய அலுமினிய மரையைவிடப் பலமாகவே இருக்கும். சுத்தமான கை வேண்டும், பழக்கம் இல்லாவிட்டால் பட்டறையில் கொடுங்கள்.

இங்கே குளிர்காலத்தில் சைக்கிள் பாதைகளில் உப்பு தெளிப்பார்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அலுமினிய மரையும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி போல்ட்டைக் கவ்விக்கொள்ளும். மார்ச் மாதத்தில் ஒரு முறை எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மாட்டிவிடுகிறேன். லாக்டைட் போடாத போல்ட்டுகளுக்கு கிரீஸ் கட்டாயம்.

என் வண்டிக்கான சீட் பாகம் எந்தக் கடையிலும் இல்லை என்கிறார்கள்.

இருக்காது. இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. 1933 ஜூலையில் பிரான்சிஸ் ஃபோர் என்ற பிரெஞ்சுக்காரர் ஷார்ல் மொஷே கட்டிய சாய்ந்தோட்டும் சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டி, 1914லிருந்து இருந்த சாதனையை உடைத்தார். அடுத்த வருடமே உலக சைக்கிள் சங்கம் சைக்கிள் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதி எழுதி, இந்த வகையைப் பந்தயத்திலிருந்து வெளியே தள்ளியது. பந்தயம் இல்லாததால் பெரிய கம்பெனிகள் வரவில்லை. சின்னப் பட்டறைகள் தங்கள் இஷ்டப்படி செய்தன, அதனால் சீட்டை மாட்டும் விதம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. இன்றைக்கும் அதன் பலனைத்தான் நாம் அனுபவிக்கிறோம்.

ஆனால் பிராக்கெட்தான் தனித்தன்மையானது, போல்ட்டுகள் ஊருக்கெல்லாம் பொது. நான் பார்த்த வண்டிகளில் எம்5, எம்6, எப்போதாவது எம்8, எல்லாம் சாதா மெட்ரிக் மரை. ஹார்ட்வேர் கடையில் 8.8 என்று தலையில் எழுதிய எஃகு போல்ட்டோ, ஏ2-70 ஸ்டெயின்லெஸ் போல்ட்டோ கிடைக்கும். பழைய போல்ட்டைக் கையோடு எடுத்துப் போய் நீளம் ஒப்பிட்டு வாங்குங்கள். நான் இந்த வண்டியைப் பழையதாக வாங்கியபோது விற்றவர் தொலைந்த ஒரு போல்ட்டுக்குப் பதில் மரத் திருகாணி ஒன்றை முறுக்கி வைத்திருந்தார். எந்த அவசரத்திலும் அதைச் செய்யாதீர்கள், துளையே நாசமாகிவிடும்.

வழியில் போல்ட் கழன்று விழுந்துவிட்டால்?

இறங்குங்கள், தேடுங்கள், கிடைக்கவில்லை என்றால் தண்ணீர் பாட்டில் ஸ்டாண்டைப் பாருங்கள். அதைப் பிடித்திருப்பது எம்5 போல்ட். மட்கார்டு, கேரியர் போல்ட்டுகளும் பெரும்பாலும் எம்5தான். ஐந்தோவனிலிருந்து ஹெல்மண்ட் பக்கம் போகும் கால்வாய்க் கரையில் ஒரு நவம்பர் சாயங்காலம் எனக்கு இது நடந்தது. சீட் ஒரு பக்கம் இறங்கியதும் நிறுத்தி, செல்போன் வெளிச்சத்தில் புல்லைத் துழாவினேன், விரல் மரத்துப்போனதுதான் மிச்சம். பாட்டில் ஸ்டாண்டின் போல்ட்டைக் கழற்றி மாட்டினேன், நீளம் குறைவு, நான்கு மரைதான் பிடித்தது. அதற்கு மேல் கேபிள் டை இரண்டை இழுத்துக் கட்டி, மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு, சமதளத்தில் லேசாக மிதித்து வீடு சேர்ந்தேன். முதுகுத் தாங்கியே பின்னால் சாய்கிற அளவுக்குப் போயிருந்தால் அதைச் செய்திருக்க மாட்டேன், தள்ளிக்கொண்டுதான் வந்திருப்பேன்.

அன்றிலிருந்து பையில் ஒரு சின்ன டப்பா இருக்கிறது: எம்5 20 மில்லிமீட்டர் இரண்டு, எம்6 25 மில்லிமீட்டர் இரண்டு, அதற்கு நைலாக் நட்டும் வாஷரும், 3, 4, 5 ஆலன் கீ, தடியான கேபிள் டை நான்கு.

எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்?

எதையாவது கழற்றி மாட்டினால் முதல் 50 கிலோமீட்டருக்குப் பிறகு கட்டாயம் ஒரு முறை டார்க் ரெஞ்ச்சை வைத்துப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்த பரப்புகள் பெயிண்டும் சொரசொரப்பும் அமுங்கி உட்காரும், அதில் கொஞ்சம் இறுக்கம் போய்விடும், தவறு இல்லை. லாக்டைட் போட்டதை மட்டும் மறுபடி திருப்பாதீர்கள், இறுகிய பசை உடைந்துவிடும். திருகாமலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. இறுக்கி முடித்ததும் பெயிண்ட் மார்க்கரால் போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை நேராக ஒரு வெள்ளைக் கோடு போட்டுவிடுங்கள். நான் காலையில் வண்டியை ஷெட்டிலிருந்து எடுக்கும்போது குனிந்து ஆறு கோடுகளைப் பார்ப்பேன். ஒரு கோடு முறிந்து தெரிந்தால் அன்றைக்கு ஆபீசுக்கு பஸ்.